மியூட்டில் இருந்த வகுப்பு

ஜனவரி 1, புதன்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. அட்டையில் மிளகாய்ச் செடி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்தின் பெயர். "ஒங்களுக்கு எதுக்குங்க டைரி? வாய்ல பேசுறது பத்தாதா?" என்றாள் ஈஸ்வரி. பெரிய மனிதர்கள் எல்லோரும் டைரி எழுதியவர்கள்தான் என்று விளக்கினேன். யார் யார் என்று கேட்டாள். அதற்குள் கரண்ட் போய்விட்டதால் சொல்ல முடியவில்லை.

பிற்காலத்தில் இதைப் படிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் பெயர் சௌந்தரபாண்டியன். ஒட்டன்சத்திரத்தில் 'சவுண்டு பாண்டி' என்று கேட்டால் கைக்குழந்தையும் வழி காட்டும். பாண்டியன் சவுண்ட் சர்வீஸ் முதலாளி. நான் 'மைக் டெஸ்டிங்' சொன்னால் பழனி மலை உச்சியில் கேட்கும். கேட்டதாக மலைமேல் பஞ்சாமிர்தம் விற்பவர் ஒருவரே சொல்லியிருக்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இந்தப் பையனுக்கு இனிச் சொல்லித்தர எங்களிடம் சரக்கு இல்லை என்று ஹெட்மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் இந்த ஊர் தாங்கியிருக்காது என்பாள் ஈஸ்வரி. அந்தக் குறையைத் தீர்க்க அக்கா மகள் மோனிஷா ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். ஆசிரியர் பயிற்சி, இரண்டாம் வருடம். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் ஆகப் போகிறாள். அவள்தான் அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே முதல். இதை யாரும் அறிவிக்கவில்லை, நான் அறிவித்திருக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

மாடியில் ஒரே சத்தம். மோனிஷாவின் கூட்டாளிகள் ஜெனிபரும் பரமேஸ்வரனும் வந்திருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்யவேண்டுமாம். செல்போன் வழியாகவும் கம்ப்யூட்டர் வழியாகவும் படிப்பதில் எவ்வளவு பயன் என்று பயிற்சி ஆசிரியர்களிடமே கேட்டு எழுத வேண்டும். முதலில் மூன்று பேரும் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். சண்டை வந்துவிட்டது. டீ கொண்டுபோகும் சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

ஜெனிபர் சொன்னாள்: "நான் பத்தாவது கணக்குல பாஸானதே செல்போன் வீடியோவாலதான். புரியலன்னா திரும்பத் திரும்ப ஓட்டிப் பாப்பேன். எங்க சார்கிட்ட ரெண்டாவது தடவ கேட்டா, 'தூங்கிட்டு வந்தியா'ம்பாரு. செல்போன் ஒரு நாளும் எம்மேல கோவிச்சுக்கிட்டதில்ல."

பரமேஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்குத் தனிப் போனு இருந்துச்சு, நீ பேசுவ. கொரோனா சமயத்துல எங்க வீட்டுல இருந்தது ஒரே போனு, அதையும் அண்ணன் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிருவான். நான் ஒன்பதாவதே படிக்கல, தெரியுமா? எட்டுலருந்து பத்துக்குத் தாவினவன். அத விடு. 'அ' எழுதுற புள்ள பென்சில எப்பிடிப் பிடிச்சிருக்குன்னு செல்போனுக்குத் தெரியுமா?"

"கேமராவக் கீழ திருப்பச் சொன்னாத் தெரியும்."

"ஆமா, ஒன்னாப்புப் புள்ள திருப்பும். மொதல்ல அது மூஞ்சியவே காட்டாது, மோட்டுவளையத்தான் காட்டும்."

மோனிஷா மட்டும் அமைதியாகச் சொன்னாள்: "நூத்துக்கு நூறு பயன்னு நான் போட்டுட்டேன்."

அவள் போடாமல் யார் போடுவது? போன வருடம் முழுக்க, தினமும் சாயங்காலம் அவள் மாடியில் உட்கார்ந்து செல்போன் வழியாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். பயிற்சிப் பள்ளியின் திட்டம் அது. பேசுகிற காக்கா, ஆடுகிற ஆனா ஆவன்னா எல்லாம் அவளே செய்த வீடியோக்கள். கோயம்புத்தூர், சென்னை, சிங்கப்பூர் வரை பார்க்கிறார்கள். சிங்கப்பூர் நான் சேர்த்தது. இருந்தாலும் பார்த்திருப்பார்கள்.

ஜனவரி 8, புதன்

ஆராய்ச்சிக்கு என் கருத்தும் வேண்டும் என்று பரமேஸ்வரனிடம் எடுத்துச் சொன்னேன். பயிற்சி ஆசிரியர்களைத்தான் கேட்க வேண்டும் என்றான். நானும் ஒருவகையில் ஊருக்கே பாடம் சொல்பவன்தான் என்றேன். வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தான். டீ ஆறி, திரும்பச் சுடவைத்து, அதுவும் ஆறும் வரை சொன்னேன். அவன் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "கருத்து உண்டு" என்று இரண்டே சொல் இருந்தது. சுருக்கெழுத்தாக இருக்கும்.

அவனுக்குச் சொன்னதில் முக்கியமானது எங்கள் ரெபெக்காள் டீச்சர். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த யூனியன் பள்ளி, இப்போது அங்கே தக்காளி மண்டி. காலையில் லாரி வந்தால் கரும்பலகை அதிரும், எழுதிய எழுத்தின் சுண்ணாம்புத் தூள் உதிரும். சிலேட்டைக் கோவை இலை வைத்துத் துடைத்தால் ஒரு வாசம் வருமே, அந்த வாசத்தோடு மதியச் சோளக்கஞ்சி வாசமும் சேர்ந்து வரும். ரெபெக்காள் டீச்சர் வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. வகுப்பில் யாரிடம் கேள்வி கேட்டாலும் உடனே பதில் வேண்டும். என்னிடம் கேட்டால் மட்டும் காத்திருப்பார். சும்மா இல்லை, சன்னலுக்கு வெளியே ஒரு லாரி வந்து, மூட்டை இறக்கி, திரும்பிப் போகிறவரை காத்திருப்பார். அந்த நேரம் முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறொருவன் பதில் சொல்ல வாயெடுத்தால் குடைக் காம்பால் மேசையில் ஒரு தட்டு. "பாண்டி சொல்லுவான்."

என் பதில்களின் தரம் அப்படி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மூன்று கோயில், ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஆள். எழுத நேரமில்லை.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கலுக்கு தனலட்சுமி அக்கா வந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள், வாய் எழுபது வயது மூத்தது. மகளுக்குக் கரும்பு, முறுக்கு, ஒரு பை அவரைக்காய். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரத்துக்கே அவரைக்காய் கொண்டுவந்த முதல் பெண் இவள்தான்.

சாப்பிடும்போது ரெபெக்காள் டீச்சரைப் பற்றி நான் எடுத்துவிட்டேன். அக்கா சிரித்துவிட்டாள்.

"அடேய், ஒனக்கு அப்பல்லாம் ஒரு வார்த்த வெளிய வர்றதுக்குள்ள பஸ்ஸு பழனி போய்ச் சேந்துருமே! அந்த டீச்சரம்மா ஒன்னைத் திட்டாம நின்னது பெரிய விசயம். அவங்க மாத்தலாகிப் போனதும், புது வாத்தியாரு ஒரு நா ஒன்னைய மாதிரியே திக்கிக் காட்டுனாருன்னு, பள்ளிக்கூடமே போகமாட்டேன்னு மாட்டுக்குத் தண்ணி வைக்கிற குளுதாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்ட."

மோனிஷா என்னைப் பார்த்தாள். ஈஸ்வரி ரசம் ஊற்றினாள்.

அக்காவுக்கு வயதாகிவிட்டது. யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள். நான் பேசுவதற்கு முன் யோசிப்பவனாக இருந்தேன், அவ்வளவுதான்.

ஜனவரி 20, திங்கள்

இன்று முதல் மோனிஷாவுக்கு நேரடிப் பயிற்சி. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ள தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. பிப்ரவரி ஏழாம் தேதி வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து, அவள் வகுப்பு நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதில் தேறினால்தான் பட்டயம், இல்லாவிட்டால் இன்னொரு வருடம். தேறுவதாவது, அவள்தான் முதல் என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன்.

காட்டன் புடவை, கையில் காகிதக் காக்கா முகமூடி, நெற்றியில் ஈஸ்வரி வைத்த விபூதி. போகும்போது சிரித்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஈஸ்வரி கேட்டாள்: "எப்பிடி இருந்துச்சு புள்ள?"

"பிரமாதம்! புள்ளைங்க எல்லாம் வாயடைச்சுப் போயிருப்பாங்க" என்றேன் நான்.

மோனிஷா மாடிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

தலைவலியாம். சாப்பிடவில்லை.

ஜனவரி 23, வியாழன்

பிரச்சினையை நான் கண்டுபிடித்துவிட்டேன். குரல் பத்தவில்லை. செல்போன் அருகில் மெதுவாகப் பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை பழகிவிட்டது. அதற்குத்தான் மாமன் இருக்கிறேனே. இடுப்பில் கட்டுகிற சின்ன ஸ்பீக்கரும், காதில் மாட்டுகிற மைக்கும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போனேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். கட்டிவிட்டேன்.

முதலில் ஒரு 'கூயீ' என்று ஊளைச் சத்தம். ஒன்றாம் வகுப்பு மொத்தமும் சந்தோஷத்தில் குதித்தது. அது அடங்கியதும் அவள் பாடத்தை ஆரம்பித்தாள். நான் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஒலித் தரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"குட்டீஸ், இது என்ன நிறம்?" என்று ஒரு பலூனைக் காட்டினாள். ஒரு நொடிகூட இல்லை. "சிவப்பு! சூப்பர்! சரியா சொன்னீங்க!"

யாரும் எதுவும் சொல்லவில்லை.

"பலூன் எப்பிடி மேல போகுது? காத்தால! வெரிகுட்! எல்லாரும் கை தட்டுங்க!"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்பதால் 'சரியா சொன்னீங்க' தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. தலைமை ஆசிரியை மங்கையர்க்கரசி டீச்சர் அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"யாரும்மா சொன்னா?" என்று கேட்டார்.

மோனிஷா கையிலிருந்த பலூனைப் பார்த்தாள்.

"நீயே கேட்டு, நீயே சொல்லி, நீயே மெச்சிக்கிற. அப்பப் புள்ளைங்க எதுக்கும்மா வருதுங்க?" கோபமாக இல்லை, தன்மையாகத்தான் கேட்டார். மைக் ஆனில் இருந்ததால் அதுவும் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

சன்னலுக்குப் பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் குழந்தை. பெயர் நஸ்ரின் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் வாய் திறந்தது. மோனிஷா அடுத்த கேள்விக்குப் போன பிறகுதான் முழுதாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

ஒலித் தரம் அருமை.

ஜனவரி 24, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. பயிற்சியை விட்டுவிடுகிறாளாம்.

ஈஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில். மோனிஷா சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"போன வருசம் பூரா அப்பிடித்தான் அத்தை நடத்துனேன். எல்லாரையும் மியூட்ல போட்ருவேன். போடலன்னா ஒரு வீட்டுல மிக்சி ஓடும், ஒரு வீட்டுல ஆடு கத்தும். கேள்வி கேட்டா ஒரு சத்தமும் வராது. அதனால நானே சொல்லிட்டு, 'சூப்பர்'னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். நம்ம பேச்ச நிறுத்துனா நெட்டு போயிருச்சோன்னு தோணும். எம் பக்கந்தான் கட்டாயிருச்சு போலன்னு பயம் வந்துரும். இப்ப நேர்லயும் அதே பயம். புள்ளைங்க என்னையே பாத்துக்கிட்டு சும்மா இருக்காங்கள்ல, அந்த நேரம் நெஞ்சு அடைக்குது. வீடியோன்னா யாரும் என்னையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டாங்க. நான் வீடியோ போடுற வேலைக்கே போயிர்றேன்."

ஈஸ்வரி என்னவோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நான், ஒரு மந்திரி கூட்டத்தில் லட்சம் பேர் முன்னால் மைக் வேலை செய்யாமல் போனபோது நான் வெறும் வாயால் அறிவிப்புச் செய்து கூட்டத்தை அடக்கிய கதையைச் சொன்னேன். போன தடவை ஐம்பதாயிரம் பேர்னு சொன்னீங்களே என்றாள் ஈஸ்வரி. கூட்டம் வந்துகொண்டே இருந்தது என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். அதே பள்ளியில் கொடியேற்றத்துக்கு நம்முடைய செட். வருடா வருடம் என் அன்பளிப்பு.

கொடி ஏறி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பிள்ளைகள் மைக்கைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவரும் மைக்கில் தன் பெயரைச் சொல்ல வேண்டுமாம். பேசவே தெரியாத பிள்ளைகள் என்று மோனிஷா நினைத்த அதே ஒன்றாம் வகுப்புதான். "எம் பேரு தர்ஷன்! எங்கப்பா லோடுமேன்!" "எம் பேரு வர்ஷிகா, எங்க வீட்டுல ஆடு இருக்கு!" மைக் கம்பியில் ஒரே எச்சில்.

நஸ்ரினின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தது. வாய் திறந்தது, மூடியது. பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "நஸ்ரின்! பேரு நஸ்ரின்!" என்று நானே மைக்கில் சொல்லி உதவினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் குழந்தை மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்தது. அழவில்லை. மைக்கை விட்டுவிட்டு, போய்க் கடைசியில் நின்றுகொண்டது.

மதியம் பிரியாணி. ஏனோ இறங்கவில்லை. கறி சரியாக வேகவில்லை போலிருக்கிறது. நன்றாக வெந்திருந்தது என்கிறாள் ஈஸ்வரி.

ஜனவரி 30, வியாழன்

இன்று சாயங்காலம் நடந்ததை விவரமாக எழுத வேண்டும். ஏனென்றால் மோனிஷாவின் வாழ்க்கையை நான் திருத்திய நாள் இது.

கூடத்தில் மூவரும் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். மோனிஷா ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை.

"எனக்கு என்ன தோணுதுன்னா மாமா..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். அந்த ஹெச்.எம். எல்லார் முன்னாலயும் கேட்டது வருத்தம்."

"இல்ல, அது..."

"அப்ப அந்தப் பரமேஸ்வரன் ஏதாவது கிண்டல் பண்ணிட்டானா? நான் கேக்குறேன் அவன."

"மாமா, நான் சொல்ல வந்தது..."

"வீடியோ வேலைதானே? தாராளமாப் போ பாப்பா. எனக்குச் சம்மதம். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

கொத்தவரங்காயைத் தரையில் வீசினாள். "மாமா! நான் இன்னும் ஒரு வார்த்தகூடச் சொல்லல! நீங்களே கேக்குறீங்க, நீங்களே சொல்றீங்க, நீங்களே சம்மதமும் குடுக்குறீங்க!"

ஈஸ்வரி கையை நிறுத்தாமல் சொன்னாள்: "நீ ஒரு வாரமாத்தான் காத்துக்கிட்டிருக்க. நான் கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு வாக்கியத்த முடிக்கக் காத்துக்கிட்டிருக்கேன்."

மோனிஷா சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள்.

"இப்பிடித்தான் இருந்திருக்கும்ல அதுகளுக்கு?" என்றாள் மெதுவாக.

எதுகளுக்கு என்று நான் கேட்பதற்குள் அவள் ஈஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"அத்தை, சின்ன வயசுல நீங்க என்ன ஆகணும்னு ஆசப்பட்டீங்க?"

எனக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தேன். மோனிஷா என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை நீட்டித் தடுத்தாள், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. ஈஸ்வரி ஒரு காயை ஆய்ந்தாள். இன்னொன்று ஆய்ந்தாள். மோனிஷாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு பால்வண்டி போனது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே.

"லாரி ஓட்டணும்னு" என்றாள் ஈஸ்வரி.

"என்னது?" என்றேன்.

"எங்கப்பா கூடக் காய் ஏத்திக்கிட்டுத் திருச்சி போவேன். மணப்பாற தாண்டுனா ரோடு நேரா போகும். ஒரு நா ஸ்டியரிங்கப் பிடிக்க விட்டாரு. கொஞ்ச தூரந்தான்." காயைத் தட்டில் போட்டாள். "யாரும் கேக்கல, நானும் சொல்லல."

முப்பத்திரண்டு வருடக் குடித்தனம். இது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த மாதிரிதான்.

ஆக, என் வழிகாட்டுதலால் மோனிஷாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. நாளை பள்ளிக்குப் போகிறாளாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாடியில் மறுபடி ஆராய்ச்சி. மோனிஷா தன் நூத்துக்கு நூறைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். பரமேஸ்வரனுக்கு ஏகக் குஷி. "வா வழிக்கு. செல்போன்ல பாடம் நடத்துறது சுத்த வேஸ்ட்டுன்னு எழுது."

ஜெனிபர் விடவில்லை. "ஏய், புள்ளைங்கள மியூட்ல போட்டது இவ. செல்போனா போட்டுச்சு? அதுல கைதூக்குற பொத்தான் இருக்கு, ஒவ்வொருத்தரா பேச விடலாம். இவ விடல. இவ அவசரத்துக்கு அது பழியா?"

மோனிஷாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஜெனி சொல்றது சரிதான்" என்றாள். "வீடியோ நல்லாச் சொல்லிக் குடுக்கும், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எதிர்ல இருக்கிற புள்ளைக்காகக் காத்திருக்கிறத அதுல நான் பழகவே இல்ல. அத எந்தக் கட்டத்துல டிக் பண்றது?"

அதற்குக் கட்டம் இல்லையாம். மூவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வகுப்பில் இரண்டு பேர் பேசினார்களாம். நஸ்ரின் இன்னும் இல்லை. நாளை மறுநாள் தேர்வு.

இரண்டு பேர் என்று டீக்கடையில் சொல்லவில்லை. இருபது பேர் என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளித் தாழ்வாரத்தில் பிரார்த்தனை ஸ்பீக்கர் ஒன்று கரகரவென்று இருந்தது. அதை இன்றே சரிசெய்தாக வேண்டும் என்று மங்கையர்க்கரசி டீச்சர் என்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஈஸ்வரி இதை வேறு மாதிரி சொல்வாள். எப்படியோ, ஏணி போட்டு நின்ற இடம் ஒன்றாம் வகுப்புச் சன்னலுக்கு நேராக அமைந்துவிட்டது.

தேர்வாளர்கள் இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு சார், ஒரு டீச்சரம்மா. பின்பெஞ்சில் உட்கார்ந்து, மோனிஷாவின் பாடக் குறிப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்கள். இன்று பாடம் பறவைகளின் வீடு.

மோனிஷா குருவி சொன்னாள், கோழி சொன்னாள், பிறகு கேட்டாள்: "காக்கா எங்க கூடு கட்டும்?"

கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

ஒரு சத்தம் இல்லை. மோனிஷாவின் உதடு அசைந்தது. 'மரத்துல' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஏணி மேலிருந்தே எனக்குத் தெரிந்தது. விழுங்கிவிட்டாள். கண்ணாடி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். மோனிஷா நஸ்ரினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நஸ்ரினின் வாய் திறந்தது. மூடியது.

எனக்குத் தெரிந்த பதில். கத்தினால் ஊரே கேட்கும். கத்தவில்லை. ஏணியின் மேல்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எனக்குக் கோவை இலை வாசம் வந்தது. ஏணி மேல் ஏது கோவை இலை? ஆனாலும் வந்தது. வெள்ளைச் சேலை, மேசை மேல் குடை, சன்னலுக்கு வெளியே லாரி மூட்டை இறக்குகிற சத்தம். வகுப்பு முழுக்கச் சிரிக்கத் தயாராக இருக்கிறது. ஒருவர் மட்டும் என் வாயைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்க்கிறார். அவசரமே இல்லாத பார்வை. இந்த நாள் பூராவும் உனக்குத்தான் வைத்திருக்கிறேன் என்பது போல. அப்படி என்னை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நானும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"டவர்ல" என்றது நஸ்ரின்.

"எதுலம்மா?"

மறுபடி ஒரு இடைவெளி. "செல்போன் டவர்ல, டீச்சர்."

பாடக் குறிப்பில் 'மரம்' என்றுதான் இருந்திருக்க வேண்டும். கண்ணாடி சார் குனிந்து தேடினார். மோனிஷா 'சூப்பர்' சொல்லவில்லை, 'தப்பு' என்றும் சொல்லவில்லை. நஸ்ரின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "எந்த டவர்ல? நீ பாத்தியா?"

அவ்வளவுதான், வகுப்பில் மடை உடைந்துவிட்டது. "ஆமா டீச்சர், எங்க வீட்டுக்குப் பின்னாடி டவரு!" "கம்பியால கட்டியிருக்கு டீச்சர், எங்கப்பா காட்டுச்சு!" "டீச்சர், துடைப்பக் குச்சியும் இருக்கு!" "டீச்சர், அதுக்குக் கரண்ட் அடிக்காதா?" கடைசிக் கேள்விக்கு மோனிஷா, "தெரியல, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டு மறுபடி நிறுத்தினாள். பின்பெஞ்சு டீச்சரம்மாவே கையைத் தூக்கி, தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் கம்பியிலும் ஒரு கூடு இருப்பதாகச் சொன்னார்.

மணி அடித்தபோது பாடத்தில் பாதிகூட முடியவில்லை. கண்ணாடி சார் வெளியே வந்து, "நேரம் போதல. பாடக் குறிப்புல இருக்கிறது பாதி வரல" என்றார். மோனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சரம்மா மட்டும், "இந்த வகுப்பு பேசவே பேசாதுன்னு ஹெச்.எம். சொன்னாங்களே?" என்று கேட்டுவிட்டு எதையோ எழுதினார்.

தேறிவிட்டாள். மதிப்பெண் சுமார்தான் என்று மங்கையர்க்கரசி டீச்சர் காதோடு சொன்னார். முதல் மார்க் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் போய்ச் சொன்னபோது மோனிஷா காதில் வாங்கவே இல்லை. மதியச் சோற்றுத் தட்டோடு பிள்ளைகள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள், டவரைக் காட்ட.

அதே நாள், சாயங்காலம்

அக்கா போன் செய்தாள். "என்னடா ஆச்சு? எப்பிடிப் பண்ணா?"

சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டியது, கலெக்டரிடம் சொல்கிறேன் என்றது, எல்லாம் வரிசையாகத் தயார்.

போனை மோனிஷாவிடம் நீட்டினேன். ஸ்பீக்கரில்தான் இருந்தது.

அவள் கையில் வாங்கினாள். உடனே பேசவில்லை. புடவை முழுக்கச் சுண்ணாம்புத் தூள், கண் கலங்கியிருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடினாள். ஈஸ்வரி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஹலோ?" என்றாள் அக்கா. "ஹலோ, ஹலோ... பாண்டி, லைன் இருக்கா, கட்டாயிருச்சா?"

"இருக்குக்கா" என்றேன். "பொறு. அவ சொல்லுவா."